பட்டா இல்லாத வீடு, ஆர்.சி. இல்லாத வண்டி

வண்டிமேல் எதையாவது கட்டுவது நாமக்கல்காரர்களுக்குப் புதிதல்ல. வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் லாரிக்குப் பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயரையும் எழுதி அனுப்பும் ஊர் அது. அங்கிருந்து கட்டடக்கலை படிக்கப் போன அருண் பிரபு என்ற இளைஞர் மூன்று சக்கர ஆட்டோவின் முதுகில் ஒரு வீட்டைக் கட்டியதில் ஊர்ப் பொருத்தம் இருக்கிறது. வீட்டுக்கு ‘சோலோ.01’ என்று பெயர் வைத்தார். தரைப்பரப்பு 36 சதுர அடி, அதாவது ஆறுக்கு ஆறு. அதற்குள் சமைக்க, குளிக்க, உட்கார்ந்து வேலை பார்க்க, படுக்க இடம். 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் 600 வாட் சோலார் தகடும் உண்டு. பெரும்பாலும் கழித்துப்போட்ட பொருட்களைக் கொண்டு, சுமார் ஒரு லட்சம் ரூபாயில் முடித்தார். சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளைப் பார்த்து, சின்ன இடம்கூடச் சரியாகப் பயன்படவில்லையே என்று யோசித்ததில் பிறந்தது இந்த வீடு. 2021 பிப்ரவரியில் ஆனந்த் மஹிந்திரா படத்தைப் பகிர்ந்து, இதையே ஒரு பொலேரோ பிக்கப்பின் மேல் செய்வாரா என்று கேட்ட பிறகு, நாடு முழுக்க அந்த மஞ்சள் ஆட்டோ பிரபலமாகிவிட்டது.

பார்த்தவர்கள் எல்லோரும் உள்ளே இவ்வளவு அடங்கியிருக்கிறதே என்று வியந்தார்கள். வீட்டையும் வண்டியையும் சேர்த்துப் பிடிப்பவை ஆறே போல்ட்டுகள் என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. அவற்றைக் கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி. அந்த வடிவமைப்பிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை அதுதான். ஏன் என்பதைச் சொல்லச் சென்னைக்குக் கொஞ்சம் வடக்கே, கும்மிடிப்பூண்டி வரை போய்வர வேண்டும்.

ட்ரெய்லர்மேல் ஒரு சிறு வீடு கட்டத் தமிழ்நாட்டில் இதைவிடத் தோதான வட்டாரம் கிடைக்காது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியும் ஆங்கிளும் சேனலும் இழுக்கும் ஆலைகள் சிப்காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. தென்கிழக்கே எண்ணூரிலும் கட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். அங்கிருந்து பொன்னேரி, பஞ்செட்டி வழியாக ஜி.என்.டி. சாலைக்கு ஏறும் ட்ரெய்லர்களுக்குக் கணக்கில்லை. மாதவரம், செங்குன்றம் பக்கம் வந்தால் பழைய கண்டெய்னரை வெட்டி, ஜன்னல் வைத்து, ஏ.சி. மாட்டி, சைட் ஆபீஸாக்கித் தருபவர்கள் கிடைப்பார்கள். டயருக்குக்கூட தூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகையில் மிஷலின் ஆலை இருக்கிறது. அந்தத் தொழிற்பேட்டைக்காக எடுக்கப்பட்ட ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எங்கள் மேய்ச்சல் காடு என்று சொல்லி, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் அந்த ஊர் ஆண்டுக்கணக்கில் போராடியது. சக்கரம் செய்வதற்கும் முதலில் நிலம் வேண்டும் என்பதை இந்த வட்டாரம் நன்றாகவே அறியும்.

இரும்பு, சக்கரம், வெல்டர் எல்லாம் இருக்கின்றன. பருவம்தான் ஒத்துழைக்காது.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்கிறவர் பனிக்காலத்தோடு மல்லுக்கட்டுகிறார். தார்ப்பாயின் மேல் உறைபனி, கையுறை போட்டால் பிடிபடாத ஆணி, குளிரில் இறுகாத பசை. திருவள்ளூர் மாவட்டத்தில் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; ஜனவரி விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே மப்ளர் கட்டிக்கொண்டுதான் டீக்கடைக்கு வருவார்கள். இங்கே ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை, மார்கழி பனி. அக்டோபரில் வேலையைத் தொடங்கியவர் பொங்கலுக்குள் முடித்தால் பெரிய விஷயம்.

மழை முதலில் கை வைப்பது வெல்டிங்கில். சேஸிஸ் போலப் பாரம் தாங்கும் இணைப்புகளுக்குப் போடும் 7018 ராடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் மின்வில்லின் வெப்பத்தில் ஹைட்ரஜனாகி இரும்புக்குள் இறங்கும். பற்று பார்வைக்கு அழகாக இருக்கும், சில மணி நேரமோ சில நாளோ கழித்து உள்ளிருந்தே விரிசல் விடும். அதனால்தான் அந்த ராடை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடு ஆறாமல் சிறு ஓவனில் வைத்துக்கொண்டே எடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பெரிய ஆலைகளில் இது நடக்கும். தகரக் கொட்டகையில் வேலை செய்பவரிடம் ஓவன் ஏது? பாக்கெட் பிரித்த ராடு அலமாரியில் கிடக்கும். ஜன்னல் கிரில்லுக்கு அது போதும். நாலு பேர் படுத்துத் தூங்கப்போகும் பெட்டியை நெடுஞ்சாலையில் இழுத்துப் போகிற சட்டத்துக்குப் போதாது.

அடுத்தது பெயிண்ட். மழை நின்ற மறுநாள் வெயில் பளிச்சென்று அடிக்கும். எல்லாம் காய்ந்துவிட்டது என்று பிரைமர் டப்பாவைத் திறப்பார்கள். மார்கழிக் காலையில் இரும்பு அவ்வளவு சுலபமாகக் காய்வதில்லை. தெளிந்த வானத்துக்குக் கீழே இரவெல்லாம் கிடந்த தகடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி நனையும். பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம் என்பது தொழில் விதி. பழகிய பெயிண்டர் தெர்மாமீட்டர் பார்க்காமலே காலை பத்து மணி வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலாளிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். அவசரப்பட்டு அடித்த பிரைமர், அடுத்த சித்திரையில் உரியும்போதுதான் அந்த டீயின் அருமை புரியும்.

பிளைவுட் கடைகளில் ‘710’ என்று கேட்டால் மரைன் பிளை எடுத்துத் தருவார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் எண் அது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. ஆனால் பலகையை அளவுக்கு வெட்டியதும் நான்கு பக்கமும் வெட்டுவாய் திறந்துகொள்கிறது. அந்த விளிம்புக்கு அன்றைக்கே பூச்சு கொடுக்காமல் கார்த்திகை மழைச் சாரலில் ஒரு வாரம் சாத்தி வைத்தால், 710 ஆனாலும் உப்பும். கூரையில் இதைவிட நுணுக்கமான சங்கதி ஒன்று உண்டு. தகட்டை இறுக்கும் திருகாணிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். டிரில் வைத்திருப்பவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் அந்த ரப்பர் நசுங்கித் தலைக்கு வெளியே பிதுங்கும். குறைவாக அழுத்தினால் தளர்ந்து நிற்கும். இரண்டிலும் தண்ணீர் இறங்கும். தரையில் நிற்கும் ஷெட்டில் இது ஒரு முறை சரிபார்த்தால் முடிந்துபோகும். சக்கரத்தின் மேல் இருக்கும் கூரையோ ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முறுக்கிக்கொள்கிறது. கட்டி முடித்த அன்று ஒழுகாத வீடு, செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்ததும் ஒழுகலாம்.

பனி பொழியும் ஊரில் கட்டுபவருக்கும் கடைசியில் எதிரி தண்ணீர்தான். வெளியே உறைகுளிர், உள்ளே ஹீட்டர். இரண்டு பேர் விடும் மூச்சும் சமையல் ஆவியும் சுவருக்குள் போய்க் குளிர்ந்து நீராகி, வெப்பத்தடுப்புப் பஞ்சை நனைத்து, மரத்தில் பூஞ்சை பிடிக்க வைக்கின்றன. சின்ன வீட்டில் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் அதே மூச்சுக்குக் காற்று குறைவு. அங்கே ஈரம் உள்ளிருந்து கிளம்புகிறது, இங்கே வெளியிலிருந்தே வந்துவிடுகிறது. நடுவே நுரை வைத்த பஃப் பேனல் போட்டால் வெயிலும் அடங்கும், தகட்டின் உட்புறம் பனி கோப்பதும் குறையும். அது ஒரு செலவில் இரண்டு லாபம், தயங்காமல் செய்யலாம்.

காற்றுக்கு அப்படி எளிய மருந்து இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. இருபதடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள ஒரு சுவரை 120 கிலோமீட்டர் காற்று நேராக அறைந்தால், ஏறத்தாழ ஒரு டன் தள்ளும். சென்னை வட்டாரத்தில் கட்டடம் வடிவமைப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் இந்தியத் தரப்படி நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளு இரண்டேகால் மடங்காகும். அப்போது அந்தச் சுவரின் மேல் விழுவது இரண்டேகால் டன். காலி இருபதடி கண்டெய்னர் ஒன்றின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! தன் எடைக்குச் சமமான கை ஒன்று பக்கவாட்டில் தள்ளும்போது, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் டயர்மேல் நிற்கும் பெட்டி என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சங்கிலி போட்டு நான்கு மூலையையும் தரையில் புதைத்த கான்கிரீட்டோடு கட்ட வேண்டும். கான்கிரீட்டில் கட்டியபிறகு அதை நடமாடும் வீடு என்று சொல்வது எப்படி என்பது வேறு கேள்வி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது புயல் பாபட்லா பக்கம் கரையேறியது. ஆனாலும் சென்னையும் திருவள்ளூரும் தண்ணீரில் மிதந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் சக்கரம் வைத்த வீட்டை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாமே என்று தோன்றும். போகலாம், மழைக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பினால். ஊறிய களிமண்ணில் டயர் அச்சு வரை புதைந்தபின் டிராக்டர் வந்தாலும் அசையாது. மழைக்காலத்தில் நிறுத்துபவர்கள் ரயில்வே ஸ்லீப்பர் கட்டை பரப்பி, அதன்மேல் ஜாக்கி கொடுத்து, டயரில் பாரம் ஏறாமல் வைப்பது இதனால்தான்.

சரி, சக்கரம் எதற்கு? இந்தச் சிறுவீட்டு மோகத்தின் மூலவர்களில் ஒருவரான ஜே ஷேஃபர் 1999இல் அயோவாவில் நூறு சதுர அடிக்கும் குறைவான வீட்டைக் கட்டியபோது, ஊர் சுற்றும் ஆசையில் அதற்குச் சக்கரம் வைக்கவில்லை. அந்த ஊர்ச் சட்டப்படி அவ்வளவு சின்ன வீடு வீடே இல்லை, கட்ட அனுமதி கிடைக்காது. சக்கரத்தை மாட்டியதும் அது வண்டியாகிவிட்டது, கட்டட விதி அதைத் தொட முடியவில்லை. டீ வில்லியம்ஸ் 2004இல் 84 சதுர அடியில் தன் கையாலேயே ஒரு வீட்டைக் கட்டி, வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் நண்பர்கள் வீட்டுப் பின்கட்டில் நிறுத்திக்கொண்டார். பின்கட்டு வைத்திருக்கும் நண்பர்கள் வாய்த்தது அந்தக் கதையில் பாதி.

இந்தியாவில் இந்தச் சூத்திரம் தலைகீழாகிறது. பத்துக்குப் பத்தில் ஓர் அறையைக் கட்டினால், இது வீடாகுமா என்று யாரும் டேப் பிடித்து அளக்க வருவதில்லை. வண்டியை மாற்றினால்தான் வம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. படுக்கையும் சமையலறையும் கொண்ட கேரவன்களுக்குத் தனித் தரவிதி இருக்கிறது. ஆனால் அது பரிசோதனை, சான்றிதழ் என்று நிறுவனங்கள் போகிற பாதை. கொட்டகையில் கட்டுகிறவர் நுழைகிற வாசல் அல்ல. தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் மேக்கப் போடும் வண்டிதான் என்பதிலிருந்தே அது யாருக்கானது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது அந்த ஆறு போல்ட்டுக்கு வரலாம். வீட்டை வண்டியோடு பற்றவைத்தால் வண்டி மாறிவிட்டது என்பார்கள். போல்ட்டில் மாட்டினால், வீட்டை வண்டிமேல் ஏற்றிய சரக்கு என்று வாதாடலாம். கண்டெய்னர் உலகம் நெடுங்காலமாக இப்படித்தான் இயங்குகிறது: நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக், கால் சுற்று திருப்பினால் பிடிப்பு விடும், பெட்டி இறங்கும், ட்ரெய்லர் அடுத்த சவாரிக்குப் போகும். கும்மிடிப்பூண்டி சாலையில் ஜன்னலும் கதவுமாக லாரியில் போகும் தகரக் கேபின்கள் எல்லாமே இந்த வகைதான். ஆலை வாசலில் ஹைட்ரா கிரேன் வந்து தூக்கி வைக்கும். உள்ளே ஒரு மேஜை, மின்விசிறி, சுவரில் பாதுகாப்பு வார போஸ்டர். சில நேரம் இரண்டடுக்குக் கட்டில் போட்டுத் தொழிலாளர்களையும் படுக்க வைப்பார்கள். வீட்டைச் சரக்காக வைத்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதுதான் இந்த மண்ணுக்கு ஒத்த ஏற்பாடு. வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் சும்மா நிற்கப்போகும் அச்சுக்கும் டயருக்கும் பணம் போடுவதைவிட அது புத்திசாலித்தனம். டயர் ஓடாமல் வெயிலில் நின்றாலும் வெடிப்பு விடும்.

இறக்கி வைக்க இடம் வேண்டும். எல்லாச் சிறுவீட்டுக் கனவும் இங்கே வந்து முட்டுகிறது. மின் இணைப்பு கேட்டால் இடத்துக்கான தாளைக் கேட்பார்கள். ரேஷன் கார்டுக்குக் கதவு எண் வேண்டும். டி.என். 18 என்று தொடங்கும் வண்டி எண்ணை அதற்குப் பதிலாக எழுதித்தர முடியாது. அடுத்தவர் பின்கட்டில் நிறுத்தலாம் என்றால், ஒரு கிரவுண்டு விற்கிற விலையில் பின்கட்டே கிடையாது.

சிறிய இடத்தில் வாழும் கலை இந்த வட்டாரத்துக்குக் கற்றுத்தர வேண்டிய ஒன்றல்ல. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் தலைமுறை தாண்டி அப்படி வாழ்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பல குடும்பங்களுக்கு வாய்த்தது பத்துக்குப் பத்து அறை. கொடி கட்டிப் புடவையைத் தொங்கவிட்டால் இரண்டு அறை. தற்காலிகம் என்று போட்ட கூரைகள் முப்பது மழைக்காலம் பார்த்தன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. முகாம்வாசிகள் கேட்டதெல்லாம் கெட்டியான சுவரும் ஒழுகாத கூரையும், அசையாத முகவரியும். உலகம் முழுக்கச் சிறுவீடு பற்றி வரும் பளபளப்பான புத்தகங்களில், குறைவாக வைத்துக்கொள்வது விடுதலை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கூடுதலாக வைத்துக்கொள்ள வழி இருந்தவர்கள் எழுதியது அது.

சக்கரத்தின் மேலேயே வாழ்பவர்களும் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரிகளோடு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரை போகும் தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் அந்த லாரிதான் வீடு. பகலில் நூற்றுக்கணக்கான அடி துளைபோட்டுவிட்டு, இரவில் குழாய்களுக்கு நடுவே பாய் விரிப்பார்கள். துறைமுகச் சாலையில் வரிசையில் காத்திருக்கும் ட்ரெய்லர் ஓட்டுநரின் வீட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அருண் பிரபுவே குறிப்பெடுப்பார். சேஸிஸின் பக்கவாட்டில் தொங்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தால் ஒற்றை அடுப்பு, கரி பிடித்த அலுமினிய குண்டான், எண்ணெய் பாட்டில், துணியில் முடிந்த புளி. பெட்டியின் மூடியே கீழே மடங்கிக் காய் நறுக்கும் பலகையாகிறது. பக்கத்தில் குழாய் வைத்த தண்ணீர் டிரம். மழை வந்தால் சமையல் ட்ரெய்லருக்கு அடியில், சாப்பாடு கேபினுக்குள். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஓட்டுநர் படுப்பார். கிளீனர் இருக்கைமேல் காலை மடக்கிக்கொள்வார். கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், புழுக்கத்துக்கு இறக்கினால் கொசு.

இந்த வீட்டைப் பற்றி மத்திய அரசு ஒரு விதி போட்டிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். 2023 டிசம்பரில் வந்த அறிவிப்பு அது. அந்த அக்டோபருக்கு முன் தயாரான வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது. பொன்னேரிச் சாலையில் நிற்கும் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை அதற்கு முன் வாங்கியவை, எஃப்.சி. கிடைக்கிற வரை ஓடும். புது வண்டியிலும், நிறுத்திவிட்டுத் தூங்கும்போது ஏ.சி. போட இன்ஜினை ஓடவிட வேண்டும். அந்த டீசல் யார் கணக்கு என்று அறிவிப்பில் எழுதவில்லை.